சட்டைமேல் நின்ற வெளிச்சம்

நம் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் இருக்கும் சாக்பீஸ் கோட்டை மழை அழிக்கும்போதெல்லாம் நான் மறுபடியும் போடுகிறேன். பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். வெறும் கோட்டோடு விட்டால்கூடப் பரவாயில்லை. டிக்கியில் நாலு அரிசிச் சாக்கை ஏற்றி வைத்து, விளக்கு வைக்கிற நேரத்தில் ஹெட்லைட்டைப் போட்டு, வெளிச்சம் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்க்கிற தகப்பனை வேறு எந்த வீட்டிலும் நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். "சர்வீஸ் பண்ணுத எடத்துல எல்லாம் மிஷின்ல பாத்துத்தான் விடுதாவ. அப்பாக்கு வேற சோலி இல்ல" என்று மகள் சொன்னாள். மிஷின் பார்க்கும், சரி. டிக்கியில் என்ன ஏறப்போகிறது என்று மிஷினிடம் யார் சொல்வது?

அதைச் சொல்லாமல் விட்ட ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். என் வயதுக்காரர்கள் யாராவது இதை வாசித்தால், கால்வாய்க்கரை ரோடும் கறுப்பு அம்பாசடரும் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தப்பாக எழுதியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா கேரள எல்லையோரப் பாறசாலையில் டாக்ஸி ஓட்டினார். அம்மாவைப் பெற்ற தாத்தா சர்க்கார் குமாஸ்தா, அப்பா டிரைவர் என்பதில் பெரிய மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு, கொஞ்சம் குறைச்சல் உண்டு. அந்த வண்டியின் முன்விளக்குகளில் மேல் பாதிக்குக் கறுப்புச் சாயம் அடித்திருக்கும். எதிரே வருகிறவன் கண் கூசக்கூடாது என்று அந்தக் காலத்தில் அப்படி அடிப்பார்கள். இரண்டு கண்ணும் பாதி மூடித் தூங்கி வழிகிற ஆள் மாதிரி வண்டி நிற்கும். எனக்கு அந்த முகம் பிடிக்கும்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு காற்றுமழை. மாமரக் கிளை முறிந்து விழுந்து இரண்டு விளக்கும் உடைந்தன. நெய்யாற்றின்கரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் புதிது மாட்டினோம். கறுப்புச் சாயம் இல்லாத முழு விளக்குகள். மேஸ்திரி மலையாளி, எங்களிடம் இரண்டு பாஷையும் கலந்து பேசுவார். வண்டியைச் சமதரையில், சுவரிலிருந்து இருபத்தைந்தடி தள்ளி நிறுத்தினார். விளக்கின் நடுவை அளந்து அதே உயரத்தில் சுவரில் கோடு போட்டார். ஒரு விளக்கைச் சாக்கால் மூடி, மற்றதன் திருகாணியைத் திருப்பினார். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோட்டுக்கு நாலு விரல் கீழே வந்து படிந்தது. பிறகு திரும்பி, டிக்கியில் சுமை ஏதாவது ஏற்றுவீர்களா என்று கேட்டார்.

"பொறகில லோடு வல்லதும் கேற்றுமோ? உண்டெங்கில் இப்பவே பறயணும். பின்னாடி தாழ்ந்தா முன்னாடி பொங்கும். வெளிச்சம் ரோட்டுல நிக்காது."

"ஒண்ணும் இல்ல மேஸ்திரி. ஆளுவ மட்டும்தான்" என்றார் அப்பா.

நான் ஓர் ஓரத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்திருந்தேன். என் நிக்கரில் அரிசிச் சாக்கின் தூசி அப்போதும் ஒட்டியிருந்தது. வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

உங்களுக்கு இது புரியாது, சொல்கிறேன். அந்த நாளில் தமிழ்நாட்டு அரிசியை எல்லை தாண்டிக் கேரளத்துக்குக் கொண்டுவரத் தடை இருந்தது. ஹைவேயில் செக்போஸ்ட். அப்பா செவ்வாயும் வெள்ளியும், கிழக்கு வெளுக்கும் முன்னால், டிக்கியில் நாலு சாக்கு அரிசியோடு கால்வாய்க்கரை ரோடு வழியாக வருவார். எங்கள் ஊரில் பாதிப் பேர் அந்த அரிசியைத்தான் தின்றார்கள். யாரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை, யாரும் அதை வெளியே சொல்லவும் இல்லை. மேஸ்திரியிடம்கூட.

அந்தக் கால்வாய்க்கரையில் ஒரு வளைவு உண்டு. வளைவுக்குக் கீழே, பள்ளத்தில், சித்தியின் வீடு. சித்தி அம்மாவின் தங்கை. பிள்ளைகள் இல்லை. சித்தப்பா திருவனந்தபுரத்தில் ஓர் ஆபீசில் அட்டெண்டர். தினமும் விடியுமுன் சைக்கிளில் கால்வாய்க்கரை வழியாகப் பாறசாலை ஸ்டேஷனுக்குப் போய் முதல் ரயிலைப் பிடிப்பார். சைக்கிளில் டைனமோ விளக்கு. மிதித்தால் எரியும், மெதுவானால் மங்கும், நின்றால் அணையும். அது டயரில் உரசி ஊ என்று முனகும் சத்தம் தூரத்திலேயே கேட்கும். யாரோ கீழே போட்ட அட்டை ரயில் டிக்கெட்டுகளைப் பொறுக்கி வந்து எனக்குத் தருவார். ஒரு பவுடர் டப்பா நிறைய வைத்திருந்தேன். எங்கே போனதோ.

ஐப்பசியில் கால்வாய் நிறைந்து ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை சித்தப்பா ரயிலுக்குப் போய்ச் சேரவில்லை. வளைவில் புல் சரிந்திருந்தது. சைக்கிளை அங்கேயே எடுத்தார்கள். அவரை மதியம் கீழ்ப்பாலத்தில் எடுத்தார்கள். சோறு கொண்டுபோன தூக்குப் பாத்திரம் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

இழவு வீட்டில் ஆண்கள் பேசிக்கொண்டதை நான் கேட்டேன்.

"பத்து வருஷமா போற வழியாக்கும். கண்ண மூடிட்டும் போவான். அவன் எப்பிடி விழுவான்?"

"விழல்ல. சாடியிருக்கான்."

"வீட்டுல என்னவோ. பொம்பளைக்க வாயி அப்பிடி இருந்திருக்கும்."

அவரே குதித்தார் என்பதைப் பெரிய மாமாவும் மறுக்கவில்லை. உள்ளே இருந்த சித்தி எழுந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "அவரு சாடல்ல" என்றாள். அவ்வளவுதான். அப்பா முற்றத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்ததை மறுபடி பிரித்து அடுக்கினார். அதை நான் கண்டேன். அப்போது அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

சித்தி தன் வீட்டை விட்டு வர மாட்டேன் என்றாள். ஒரு வாரம் கழித்துத் துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

அவள் அறையின் ஒரு சுவரில், உத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே, கம்பி போட்ட வென்டிலேட்டர் உண்டு. கால்வாய்க்கரை ரோடு ஏறக்குறைய அதே உயரத்தில் இருந்ததால் பகலில் அதன் வழியே நடந்து போகிறவர்களின் தலை மட்டும் தெரியும். எதிர்ச்சுவரில் சித்தப்பாவின் வெள்ளைச் சட்டை தொங்கியது. கை எட்டாத உயரத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தாள். ஆணி புதிது. சுற்றிலும் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. சட்டையை இவ்வளவு மேலே யாராவது மாட்டுவார்களா என்று நினைத்தேன், கேட்கவில்லை.

நான் போனபின் வந்த முதல் செவ்வாய்க்கிழமை எதனாலோ விழித்துக்கொண்டேன். சேவல்கூடக் கூவவில்லை. கால்வாய்த் தண்ணீரின் பாசி நாற்றம் அறை முழுக்க இருந்தது. சித்தி தலைவாரி, புடவை மாற்றி, பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு டம்ளர் பால் விடாத கட்டங்காப்பி, தட்டு போட்டு மூடி.

சுவரின் இடது மூலையில் வெளிச்சம் வந்தது. ஈரத்துணியால் யாரோ சுவரை மெதுவாகத் துடைத்துக்கொண்டு போவதுபோல அது நகர்ந்தது. கம்பி நிழல்களும் அதோடு நடந்தன. சட்டைக்கு வந்ததும் நின்றது. நிழல்கள் சட்டையின்மேல் விலா எலும்புகள் மாதிரி விழுந்தன. வெறும் சட்டை. ஆனால் உள்ளே நெஞ்சு இருப்பதுபோல எனக்குத் தெரிந்தது. சித்தி மூச்சு விடவில்லை. பிறகு வெளிச்சம் வலப்பக்கமாக வழுக்கிப் போய் அணைந்தது. இருட்டு முன்பைவிடக் கூடுதலாக இருந்தது.

"வருவாரு" என்றாள் சித்தி.

நான் போர்வைக்குள் இருந்தே கேட்டேன். "எப்ப சித்தி?"

"மனசு வரும்போ."

கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்துபோய்க் காப்பியை முற்றத்தில் கொட்டினாள். மண் அதை உறிஞ்சும் சத்தம் கேட்டதாக எனக்கு ஞாபகம். அப்படி ஒரு சத்தம் இருக்குமா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தது. அடுத்த செவ்வாயும். வருவதற்குமுன் எங்கோ ஓர் உறுமல் கேட்கும். தண்ணீரின் சத்தத்தில் அது கரைந்து விடும். நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். மூடினாலும் இமைக்கு வெளியே அது நகர்வது தெரியும்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பெரிய மாமாவிடம் சொன்னாள். மாமா ஒரு மந்திரவாதியைக் கூட்டி வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, எந்தெந்தக் கிழமை என்பதுதான்.

"செவ்வாயும் வெள்ளியும்" என்றேன்.

"பாத்தீரா. பேயிக்கு உள்ள கெழமையாக்கும்" என்று மாமாவிடம் சொல்லி, எலுமிச்சம்பழம் அறுத்து, நிலையில் தகடு அடித்து, சட்டையை எரிக்கச் சொன்னார். சித்தி ஆணிக்குக் கீழே போய் நின்றுகொண்டாள்.

"சட்ட அங்கணதான் கெடக்கும். அவரு வந்து காணணும்."

"எவன் வருவான்? செத்தவன் வருவானா? ஒனக்கு புத்தி கெட்டுப்போச்சு" என்றார் மாமா.

"வருவாரு அண்ணா. வெளிச்சம் வருதே. வெளிச்சம் வந்தா பொறகால ஆளு இல்லாம இருக்குமா?"

மாமா எழுந்து வெளியே போனார். திங்கட்கிழமை அவளைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் மனநோய் ஆஸ்பத்திரியில் விட்டுவிடுவது என்று முடிவானது. அங்கே விட்டவர்களை அந்த நாளில் எளிதில் திரும்பக் கூட்டி வர மாட்டார்கள். கொண்டுபோக வேண்டியது அப்பாவின் வண்டி. அப்பா சரி என்று தலையாட்டினார். அன்றிரவு அம்மா அடுப்படியில் சத்தமில்லாமல் அழுதாள். வெளிச்சத்தைப் பற்றி நான் சொல்லாமல் இருந்திருந்தால் சித்தி வீட்டிலேயே இருந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. சோறு இறங்கவில்லை.

அதற்கு முந்தின வியாழக்கிழமை திருப்புறத்தில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து எங்கள் குடும்பத்துப் பெரிய உருளிகளையும் அண்டாக்களையும் திரும்ப எடுத்து வரப் போனோம். அப்பாவும் நானும் மட்டும். டிக்கி நிறைந்து, பின்சீட்டும் நிறைந்து, வண்டியின் பின்பக்கம் நாய் உட்கார்ந்தது மாதிரி தாழ்ந்தது. திரும்பும்போது பொழுது அடைந்துவிட்டது.

கால்வாய்க்கரையில் ஏறியதும் அப்பா விளக்கைப் போட்டார். தென்னை மண்டைகள் பளிச்சென்று வெளுத்தன. இளநீர்க் குலைகளை எண்ணலாம். வவ்வால்கள் வெளிச்சத்துக்குள் விழுந்து எழுந்தன. ஆனால் சக்கரத்துக்கு முன்னால் ரோடு கறுப்பாகவே இருந்தது.

"அப்பா, ரோடு தெரியல்ல."

"பொறகால பாத்திரம் கெடக்குல்லா. மேல அடிக்குது. பைய போவோம்."

வளைவு வந்தது. வெளிச்சம் ரோட்டை விட்டு விலகி நேரே பள்ளத்துக்கு மேலாகப் பாய்ந்து ஒரு சதுரத்தில் நுழைந்தது. அந்தச் சதுரத்துக்குள், தலையும் இல்லாமல் காலும் இல்லாமல், ஒரு வெள்ளைச் சட்டை அந்தரத்தில் நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் ஒரு முகம் கீழிருந்து உயர்ந்து வந்தது. கண் இமைக்காமல் எங்களையே பார்த்தது.

அப்பா பிரேக்கை மிதித்தார். பின்னால் உருளிகள் மோதி மணி அடித்ததுபோல அலறின. இஞ்சின் நின்றுவிட்டது. விளக்கு மட்டும் எரிந்தது.

"எலே... அது யாருக்க சட்ட?" அப்பாவின் குரல் அவருடையதாக இல்லை.

"சித்தப்பாக்க சட்ட. அது சித்தி, ஸ்டூல்ல ஏறி நிக்கா." இத்தனை நாளும் உள்ளே இருந்து பார்த்து நடுங்கிய ஒன்றை அப்போது வெளியே இருந்து பார்த்தேன். "அப்பா, செவ்வாயும் வெள்ளியும் வாறது இதாக்கும். நம்ம வெளிச்சம்."

அப்பா கையை நீட்டி விளக்கை அணைத்தார். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும். வெகுநேரம் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு கதவைத் திறந்து, சரிவில் கைவைத்துக் கைவைத்து இறங்கினார். நான் அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

சித்தி கதவைத் திறந்து வைத்திருந்தாள். அரிக்கேன் விளக்கு எரிந்தது.

"வாருங்க அத்தான்" என்றாள். "இன்னைக்கு வியாழன். வருவியன்னு நெனைக்கல்ல. காப்பி இனிதான் போடணும்."

அப்பா உட்காரவில்லை. சட்டையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னைக்கு வளைவுல எதுக்க ஒரு சின்ன வெளிச்சம் கண்டேன். கண்டுது, உடனே காணல்ல. பொறவு பலாச்சக்க விழுந்த மாதிரி ஒரு சத்தம். லோடு இருந்துது. நான் நிறுத்தல்ல."

சித்தி அரிக்கேன் விளக்கின் திரியை ஏற்றினாள். "ஐப்பசி மாசத்துல சக்க எங்க அத்தான் விழும்?" என்றாள்.

அப்பா தரையில் உட்கார்ந்தார். நான் அவர் அழுது கண்டதில்லை. அன்றும் அழவில்லை. உட்கார்ந்தே இருந்தார்.

"வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும்" என்றாள் சித்தி. "அன்னைக்கும் கேட்டேன். அடுத்த செவ்வாக்கெழம வெளிச்சம் இங்கண வந்து நின்னுது. நின்ன எடத்துல ஆணி அடிச்சு சட்டய மாட்டினேன். ஓட்டுத ஆளு ஒரு நாளாவது காணட்டும்னு. வருவாரு வருவாருன்னு எல்லாருக்கிட்டயும் சொன்னேன். யாருன்னு ஒருத்தரும் கேக்கல்ல."

நானும் கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அப்பா அரிசிக்குப் போகவில்லை. நெய்யாற்றின்கரையிலிருந்து மேஸ்திரியை அழைத்து வந்தார். சாயங்காலம் ரேஷன்கடையின் குட்டைச் சுவருக்கு எதிரே, ஊர் பார்க்க, வீட்டில் மீதி இருந்த நாலு சாக்கு அரிசியையும் ஒவ்வொன்றாகத் தூக்கி டிக்கியில் வைத்தார். ஆட்கள் கூடினார்கள். பெரிய மாமா ஓடி வந்தார்.

"மச்சான், என்ன காட்டுதியோ? நாலு பேரு நிக்கப்பட்ட எடத்துல?"

"நாலு பேரு காணத்தான்" என்றார் அப்பா.

மேஸ்திரி சுவரில் அளந்து கோடு கிழித்துவிட்டு விளக்கைப் போட்டார். பழைய அளவில் நாலு விரல் கீழே நிற்க வேண்டிய வெளிச்சம், கோட்டையும் தாண்டி, சுவரையும் தாண்டி, பின்னால் இருந்த புளியமரத்தில் போய் நின்றது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேஸ்திரி அப்பாவிடம், "அன்னு கேட்டப்போ ஒரு வாக்கு பறஞ்ஞிருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்காமல் குனிந்து திருகாணியைத் தேடினார்.

அப்பா வெளிச்சத்துக்கு முன்னால் போய் நின்றார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கூட்டத்தைப் பார்க்க முடியாமல், கூட்டத்திடம் சொன்னார். "இதுல நின்னா எனக்கு ஒங்க ஒருத்தருக்க மொகமும் தெரியல்ல. அவனுக்கும் தெரிஞ்சிருக்காது. அவன் சாடல்ல. என் வெளிச்சம் கண்ணுல அடிச்சு விழுந்தான். அவன் பெண்டாட்டிய இனி யாரும் ஒண்ணும் சொல்லப்படாது."

இழவு வீட்டில் பேசியவர்கள் அங்கேயும் நின்றார்கள். ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி தோளிலேயே போட்டார். பெரிய மாமா திங்கட்கிழமையைப் பற்றி அதன்பின் பேசவே இல்லை. அப்பா மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். வண்டி பல மாதம் ஓடவில்லை. அதெல்லாம் கஷ்டமான நாட்கள்தான். ஆனால் அந்தச் சாயங்காலம் இன்னும் முடியவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

மேஸ்திரி சுமையோடேயே வெளிச்சத்தை இறக்கி முடித்தபோது நன்றாக இருட்டிவிட்டது. கூட்டம் கலைந்தது. அப்பா வண்டியைக் கால்வாய்க்கரைக்கு ஓட்டினார். ரோட்டில் கிடந்த கூழாங்கற்கள்கூடத் தெரிந்தன. வளைவில், ரோட்டின் நடுவில், சித்தப்பாவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சித்தி நின்றிருந்தாள். அவள் வீட்டை விட்டு வெளியே வந்து நான் பார்த்தது இழவுக்குப் பிறகு அன்றுதான்.

அப்பா நிறுத்தினார். வெளிச்சம் அவள் இடுப்புவரை ஏறி அங்கே வெட்டியதுபோல் நின்றது. புடவைக் கொசுவமும், கால் விரல்களும், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளும் தெரிந்தன. இடுப்புக்கு மேலே ஒன்றும் இல்லை. இருட்டுக்குத் தலை முளைத்துப் பேசினால் எப்படி இருக்கும், அப்படி அவள் குரல் வந்தது.

"மக்கா, எனக்க மொகம் தெரியுதா?"

"இல்ல சித்தி."

"எனக்கு ஒன் மொகம் தெரியுது. அத்தானுக்க மொகமும்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டிக்கும் தண்ணீருக்கும் நடுவில், புல் சரிந்திருந்த அந்த இடத்தைத் தாண்டினாள். மெதுவாகத் தள்ளியதால் டைனமோ விளக்கு எரியவில்லை. ஊ என்று மட்டும் முனகியது. ஜன்னல் பக்கம் வந்ததும் நின்றாள்.

"போகலாம் அத்தான்" என்றாள். "வழி தெரியுது."